நாற்பத்து மூன்று கிலோ புரூஸ் லீ

காட்டுமன்னார்கோயிலில் இருந்து அக்கா போன் செய்தாள். அவள் போன் செய்தால் பொதுவாக இரண்டே விஷயம்தான். ஒன்று, வீராணம் நிரம்பிவிட்டது. இல்லையென்றால், வீராணம் வற்றிவிட்டது. 2004 முதல் அந்தத் தண்ணீர் சென்னைக்கும் வருகிறது என்பதால் எனக்கும் அதில் அக்கறை உண்டு. இந்தத் தடவை செய்தி வேறு.

"ஏன்டா, புரூஸ் லீன்னு ஒருத்தன் இருக்கானாமே, அவன் உடம்பு வர்றதுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆகுமாம்டா. உன் மருமவன் கேக்கறான். குடுக்கவா, வேணாமா?"

"அவர் செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா."

"அப்புறம் எதுக்கு இன்னும் காசு கேக்கறான்?"

நியாயமான கேள்வி. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி ஜிம். பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் இருப்பதுதான். மாடிப்படி முகப்பில் ஆளுயர ஃபிளெக்ஸ். 'என்டர் தி டிராகன்' படத்தில் நெஞ்சில் நகக் கீறலோடு நிற்பாரே, அந்த புரூஸ் லீ. ஆனால், டிசைன் செய்த பையனுக்கு அசல் புரூஸ் லீ போதவில்லை போலிருக்கிறது. தோளை இரண்டு இன்ச் அகலமாக்கி, புஜத்தில் கொஞ்சம் காற்றடித்துவிட்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில், '90 நாளில் புரூஸ் லீ பாடி! அட்மிஷன் நடைபெறுகிறது.'

மருமகனுக்கு இருபத்தொரு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். ஆறாயிரம் என்பது ஜிம் ஃபீஸ் அல்ல. அது மாதம் எழுநூறுதான். ஆறாயிரம், இரண்டு டின் புரோட்டீன் பவுடருக்கு. ஒரு டின் ஏற்கெனவே கடனுக்கு வாங்கி, பாதி சாப்பிட்டாகிவிட்டது என்பது அப்புறம்தான் வெளியே வந்தது.

"புரூஸ் லீ எவ்ளோ வெயிட் போட்டிருப்பாரு மாமா? இரநூறு கிலோ இருக்குமா?" என்று கேட்டான்.

சொல்கிறேன். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1965-ல் புரூஸ் லீ ஹாங்காங்கில் ஒரு ஜிம்முக்குப் போனார். மே 27-ம் தேதி ஆரம்பித்த அந்தப் பயிற்சியின் அட்டை இன்றைக்கும் இருக்கிறது. அவருடைய குறிப்புகளைத் தொகுத்த ஜான் லிட்டில் அதைப் புத்தகத்தில் போட்டிருக்கிறார். அதில் முதல் வரி ஸ்குவாட். மூன்று செட், செட்டுக்குப் பத்து தடவை. எடை? 95 பவுண்டு. நம் கணக்கில் 43 கிலோ.

ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவில் லோடு இறக்குகிறவர், தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அதைவிட அதிகமாகத் தூக்குகிறார். அதுவும் நாள் முழுக்க. அவர் படத்தை எந்த ஜிம்மும் ஃபிளெக்ஸ் போடுவதில்லை.

மருமகன் நம்பவில்லை. "நாப்பத்து மூணா? அது நம்ம ஜிம்முல வார்ம்-அப் வெயிட்டு மாமா" என்றான். முகத்தில் ஒரு ஏமாற்றம். தெய்வத்தின் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்ட மாதிரி.

அதே அட்டையில் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும்தான் வரிசையாகப் பயிற்சிகள் இருக்கின்றன. வயிற்றுக்கும் கெண்டைக்காலுக்கும் அஞ்சஞ்சு செட். கண்ணாடியில் முதலில் தெரிகிற இடங்களா அவை? குத்தும்போதும் உதைக்கும்போதும் வேலை செய்கிற இடங்கள். அந்த மனிதர் உடம்பை வளர்க்கவில்லை, வேலைக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். இந்த வித்தியாசம் ஃபிளெக்ஸில் வராது.

அவர் இதில் இறங்கியதற்குக் காரணமே ஒரு அவமானம். 1964 கடைசியில் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்பவரோடு ஒரு தனிச் சண்டை. யார் எப்படி ஜெயித்தார்கள் என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்றுவரை வழக்குதான். புரூஸ் லீயின் மனைவி லிண்டா சொன்ன கணக்குப்படி மூன்று நிமிஷத்தில் முடிந்தது. ஜெயித்தவர் வீட்டுக்கு வந்து சந்தோஷப்படவில்லை. மூன்று நிமிஷமா ஆயிற்று, எனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்கியது என்றுதான் குமைந்தார். ஓட்டம், ஸ்கிப்பிங், எடைப் பயிற்சி என்று தீவிரமானது அதற்கப்புறம்தான். அவருக்குக் குறையாகத் தெரிந்தது மூச்சு. நம் பையன்களுக்குக் குறையாகத் தெரிவது டீ-ஷர்ட் கை லூசாக இருப்பது.

இன்னொரு கதையும் உண்டு. இதைத்தான் அந்த மாடிப்படியில் எழுதி வைக்க வேண்டும்.

1970. அவ்வளவு படித்த, அவ்வளவு குறிப்பெடுத்த புரூஸ் லீ, ஒருநாள் சரியாக வார்ம்-அப் செய்யாமல் 135 பவுண்டு பாரைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து நிமிர்ந்தார். 61 கிலோ. ஏறக்குறைய அவருடைய சொந்த எடை. கீழ் முதுகில் நரம்பு அடிபட்டது. இனி உங்களால் உதைக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். மாதக் கணக்கில் படுக்கை. அந்தப் படுக்கையில் எழுதிய குறிப்புகள்தான், அவர் இறந்த பிறகு 1975-ல் வந்த ஜீத் குன் டோ புத்தகத்தில் பெரும்பகுதி. உலகத்துக்கு அவரை யாரென்று காட்டிய 'தி பிக் பாஸ்', 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி', 'வே ஆஃப் தி டிராகன்', 'என்டர் தி டிராகன்' எல்லாமே 1971-லிருந்து 73-க்குள் வந்தவை. அதாவது முதுகு போனதற்கு அப்புறம் எடுத்தவை! திரையில் பறந்து பறந்து உதைக்கிறாரே, அந்த மனிதருக்கு முதுகுவலி கடைசிவரை விடவில்லை. 1973 ஜூலை 20-ல் இறக்கும்போது வயது 32.

புரூஸ் லீயின் முதுகே ஒரு நாள் அலட்சியத்தை மன்னிக்கவில்லை. நம் முதுகு மன்னிக்குமா? எனக்கு மன்னிக்கவில்லை. பி.காம் படித்த காலத்தில் நானும் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் என்று ஒருவர் உண்டு, மாதம் முதல் வாரம் ஃபீஸ் வாங்க மட்டும் வருவார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் "தூக்கு மச்சான், தூக்கு" என்றதை நம்பித் தூக்கினேன். இரண்டு மாசம் பாயில் கிடந்தேன். அடைமழை பிடித்தால் இன்றைக்கும் இடுப்பு அந்த மச்சான்களை ஞாபகப்படுத்தும்.

சரி, இந்தக் கதையில் நமக்கு ஏன் கோபம் வரவேண்டும் என்பதற்கு வருகிறேன்.

புரூஸ் லீ கிடைத்ததையெல்லாம் படிக்கிறவர். குத்துச்சண்டை, கத்திச்சண்டை, உடற்பயிற்சிப் பத்திரிகைகள் எல்லாம். அந்தத் தேடலில் அவர் கண்ணில் பட்டவர் நம் ஊர் மல்லர் ஒருவர். பஞ்சாப்காரர், காமா பயில்வான். 1910-ல் லண்டனுக்குப் போனபோது, ஆள் குள்ளம் என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். உயரம் ஐந்தடி ஏழங்குலம் சொச்சம். கிட்டத்தட்ட புரூஸ் லீ உயரமேதான். அதே காமா அமெரிக்காவின் ரோலரைப் போட்டுப் புரட்டினார். போலந்தின் ஸ்பிஸ்கோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டு படுத்ததால்தான் தோற்காமல் தப்பித்தார். மறு போட்டிக்கு அவர் வரவே இல்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

காமா என்ன எக்சர்சைஸ் செய்தார்? மெஷினா? டின்னா? தண்டாலும் பஸ்கியும். ஆயிரக்கணக்கில்.

புரூஸ் லீ, காமாவைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து, இந்த இரண்டையும் தன் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். தண்டால் என்றால் இப்போது செய்கிற விறைப்பான புஷ்-அப் இல்லை. இடுப்பை மேலே தூக்கி, நெஞ்சைத் தரையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போய், தலை நிமிர்ந்து எழும்பி, மறுபடி பின்னால் வருவது. பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்கும். அவர்கள் அதற்கு வைத்த பெயரும் அந்த அர்த்தத்தில்தான். பஸ்கி, குதிகால் உயர உட்கார்ந்து எழுந்திருப்பது. மாரியம்மன் கோயில் திடலில் நம் தாத்தாக்கள் கோவணத்தைக் கட்டிக்கொண்டு செய்தது.

ஆக, ஃபிளெக்ஸில் நிற்கிற அந்த உடம்பில் நம் மண்ணின் தண்டாலும் கொஞ்சம் இருக்கிறது. அதே ஃபிளெக்ஸுக்குக் கீழே இருக்கிற ஜிம்மில் தண்டால் எடுக்கிறவன் ஒருவனும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் வீட்ல காசில்லாதவங்க பண்றது மாமா" என்றான் மருமகன்.

கர்லாக்கட்டைக்கும் இதே கதி. இங்கே இருந்த ஆங்கிலேய ராணுவத்தினர் அதைப் பார்த்து, 19-ம் நூற்றாண்டில் சீமைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பள்ளிக்கூடங்களில்கூடச் சுற்றினார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுவது தனிப் போட்டி. இரண்டிலும் மெடல்களை அள்ளியது அமெரிக்கர்கள். 1932-ல் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத், அந்தப் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்திருந்தவர். மெடலை வாங்கிக்கொண்டு ஸ்டேடியத்துக்கு வெளியே வந்து, போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறித்தான் வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். நம் ஊரில் கர்லாக்கட்டை பரண்மேல் ஏறிவிட்டது. கீழே இறங்கினால் துணி அடிக்க.

நமக்குப் பலசாலி என்றால் எப்போதும் வெளியூர்ப் பெயர் வேண்டும். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து யூஜின் சாண்டோ இந்தியாவுக்கு வந்துபோனார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டோம். கோயம்புத்தூர்க்காரரான நம் சின்னப்பா தேவர்கூட சாண்டோ சின்னப்பா தேவர் ஆனார். அப்புறம் புரூஸ் லீ, அப்புறம் அர்னால்டு. தென் மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவர்களுக்கு பொண்ணு கிடைத்தது என்கிறார்கள், பெயர் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கண்டிப்பாகக் கையைத் தூக்குவார். "சார், குங்ஃபூவே நம்முதுதானே? காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போய்க் கற்றுக் கொடுத்தது..." '7-ஆம் அறிவு' வந்த 2011-லிருந்து இந்தக் கை கீழே இறங்கவே இல்லை. ஐயா, போதிதர்மர் ஷாவோலினில் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிற சீனப் புத்தகம், அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து, 17-ம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதன் முன்னுரை போலி என்று சீன வரலாற்று ஆசிரியர்களே எப்போதோ காட்டிவிட்டார்கள். எனக்கு இதில் வேறொரு சந்தேகம். போதிதர்மரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களை, பத்து பஸ்கி போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். பெருமை பேசினால் தொடை பலப்படும் என்றால் தமிழ்நாட்டில் எவனுக்கும் முட்டிவலி வந்திருக்காது. காமா கதையில் பெருமையை ஒதுக்கி வைத்துவிட்டாலும் நாளைக் காலையில் செய்வதற்கு ஒன்று மிச்சமிருக்கிறது. எனக்கு அது போதும்.

இப்படிக் காசில்லாமல் கிடைத்ததை நாம் ஏன் தொலைத்தோம்? என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில்தான் தொலைத்தோம்.

பி.டி. பீரியட் என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? டைம்டேபிளில் இருக்கும். மணி அடித்ததும் பசங்கள் எழுந்திருப்போம், வாசலில் கணக்கு சார் நிற்பார். "போர்ஷன் முடியல, உக்காரு." எங்கள் காமர்ஸ் குரூப்பில் அக்கவுன்டன்சி மேடம் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எனக்குப் பற்று வரவு தப்பில்லாமல் வருகிறது, குனிந்து ஷூ லேஸ் கட்ட வரவில்லை. பீரியடைப் பிடுங்கியது மட்டுமில்லை. உடற்பயிற்சியையே தண்டனையாக்கினோம். லேட்டா வந்தால் கிரவுண்டைச் சுற்றி ஓடு. ஹோம்வொர்க் இல்லையா, தோப்புக்கரணம் போடு. சேட்டையா, இருபது தண்டால். பெயரிலேயே தண்டம் இருக்கிறதே என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ! பத்து வருஷம் எதை அவமானமாகக் கொடுத்தோமோ, அதைப் பதினெட்டு வயதில் ஆசையாகச் செய் என்றால் எவன் செய்வான்? தோப்புக்கரணம் மட்டும் 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று பெயர் மாற்றிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. மூளைக்கு நல்லது என்கிற அந்த விளம்பரத்தை நான் நம்பவில்லை. காலுக்கு நல்லது. அதற்கு விளம்பரம் வேண்டாம்.

ஆசிரியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறு வயது தாண்டிவிட்டது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். காட்டுமன்னார்கோயிலில் டவுன் பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. முதுகெலும்பு எப்படி வளையும், எந்த வயதில் எவ்வளவு எடை, எதற்கு முன்னால் எது என்று முறையாகப் படித்துவிட்டு வருஷா வருஷம் வெளியே வருகிறார்கள். வந்து என்ன செய்கிறார்கள்? 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து. வாரம் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். ஒரு டின் பவுடர் மூவாயிரம் என்று வைத்தால், ஒரு ஆசிரியரின் சம்பளம் இரண்டு டின்கூட இல்லை! அப்புறம் அவ்வப்போது கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்கும் அவர்கள் வெயிலில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

அரசாங்கங்களுக்கு இரும்பு வாங்குவதில் இருக்கிற ஆர்வம் ஆள் போடுவதில் இல்லை. ஒரு ஆட்சியில் ஊராட்சிகளில் அம்மா உடற்பயிற்சிக் கூடம் வந்தது. அடுத்த ஆட்சியில், 2024-ல், 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கும் திட்டம் வந்தது. இரண்டுமே தப்பான காரியம் இல்லை. ஆனால் டம்பெல் தானாகப் பேசாதே! எப்படித் தூக்குவது, எப்போது கீழே வைப்பது என்று யார் சொல்வது? உபகரணம் வாங்கினால் பில் இருக்கும், திறப்பு விழா இருக்கும், கல்வெட்டு இருக்கும். மாஸ்டரைப் போட்டால் மாசா மாசம் சம்பளம்தான் இருக்கும். கல்வெட்டு வைக்க முடியாது.

இந்த இடத்தில் அந்த மாடி ஜிம்காரரையும் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும். திட்டுவதற்காகத்தான் படியேறினேன். முப்பது வயசுப் பையன். மரியாதையாக உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான்.

"அண்ணே, ஃபீஸ் எழுநூறு. அதுவும் பாதிப் பேர் ரெண்டு மாசம் பாக்கி வப்பானுங்க. வாடகை, கரண்டு பில்லு போனா கையில ஒண்ணும் நிக்காது. டின்னுலதான்ணே ஏதோ நிக்குது."

காமர்ஸ் படித்த மண்டைக்கு அப்போதுதான் விளங்கியது. அது ஜிம் இல்லை, ஷோரூம். சரக்கு, டின். புரூஸ் லீ, சம்பளம் கேட்காத சேல்ஸ்மேன்.

ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். "இங்க வர்ற பசங்க எந்தத் தெருன்னு நான் கேக்கறதில்லண்ணே. காலனிப் பையன் எந்திரிச்ச பெஞ்சுல ஊர்த்தெருப் பையன் படுக்கறான். வேர்வையத் துடைச்சுட்டுப் படு, அவ்ளோதான் ரூல்."

எனக்குப் பேச்சு வரவில்லை. தாத்தா காலத்துக் கோயில் திடல், கோவணம், தண்டால் என்று மேலே ஏக்கமாக எழுதினேனே, அந்தத் திடலுக்குள் எல்லாத் தெருப் பையன்களும் வர முடிந்ததா என்ன? பழைய தேகப்பயிற்சி சாலைகளைப் பற்றி உருகுகிறவர்கள் இந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சை நான் மூடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் மேலேறி நின்று டின் விற்காதே என்பேன். பெண் பிள்ளைகளுக்கு அந்த மாடிப்படியும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

டின் கணக்கைப் போட்டுவிடுகிறேன். புரூஸ் லீயும் புரோட்டீன் பானம் குடித்தவர்தான். ஒளிக்க வேண்டாம். பால் பவுடர், முட்டை, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம் எல்லாம் போட்டு மிக்ஸியில் அடித்துக் குடிப்பார். நம் பையன்கள் குடிக்கிற பவுடரில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று எழுதியிருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம். நாலு முட்டைக்குச் சரி. முட்டை ஆறேழு ரூபாய் என்றால் இருபத்தெட்டு ரூபாய்க்குள் முடிந்தது. டின் மூவாயிரம், முப்பது கரண்டி. கரண்டிக்கு நூறு ரூபாய். அதிலும் எழுதியிருப்பது உள்ளே இருந்தால். 2024-ல் கேரள மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கிற 36 புரதப் பவுடர்களைச் சோதனை செய்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய எழுபது சதவீதத்தில் டப்பாவில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. இது டப்பாவில் வருவது. டப்பா இல்லாமல் ஊசியில் வருவதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. உங்கள் பையன் மூன்று மாதத்தில் திடீரென்று உப்பி, முதுகெல்லாம் பருவோடு எரிந்து விழுந்தால், சந்தோஷப்படாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு வேண்டியது போலீஸ் வேலை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு என்ன கேட்கிறார்கள்? 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். 100 மீட்டரோ 400 மீட்டரோ ஓட வேண்டும். சிக்ஸ் பேக்குக்கு மார்க் கிடையாது.

"கயிறு ஏறுவியாடா?"

"ஆர்ம்ஸ் பதினஞ்சு இன்ச் மாமா."

"அத கேக்கல."

வைக்கோல் லோடுக்குக் கட்டுகிற வடக்கயிறு ஒன்றை வீட்டுப் பின்பக்கத்துப் புளியமரத்தில் கட்டினோம். ஏறினான். மூன்று பிடி. நாலாவது பிடியில் சர்ரென்று இறங்கினான், உள்ளங்கைத் தோல் கயிற்றில் நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒரு ஒல்லிப்பிச்சான். தென்னை ஏறுகிறவன். சும்மா இருக்க மாட்டாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். கிளையைத் தொட்டுவிட்டு, மேலே நின்றுகொண்டு அக்காவிடம் தண்ணீர் கேட்டான். அவனிடம் கண்ணாடியில் காட்ட ஒன்றுமில்லை. கைப்பிடியைப் பார்த்தேன். ஹாங்காங் அட்டையில் மணிக்கட்டுக்கு ஏன் அத்தனை வரி என்று புரிந்தது.

மருமகன் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும் கேட்டான். "அப்ப அஞ்சு மாசம் எனக்கு யாருமே சொல்லலையே மாமா?"

இதுதான் என்னை உறுத்துகிறது. அந்தப் பையன் சோம்பேறி இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிறான், வியர்க்க வியர்க்கச் செய்கிறான், கடன் வாங்கிச் சாப்பிடுகிறான். பலம் வேண்டும் என்ற ஆசையும் உழைப்பும் அவனிடம் இருக்கிறது. சொல்லித்தர ஒரு ஆளையும் ஓட ஒரு இடத்தையும் நாம் கொடுக்கவில்லை. பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து பி.டி. பீரியடைத் திருடினோம். அந்தக் காலி இடத்தில் ஒருவன் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டான். குற்றம் யார்மேல்?

ஓடுவதற்கு ஏரிக்கரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பராந்தகச் சோழன் காலத்து ஏரி. வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை. பதினாறு கிலோமீட்டர் நீளம். ஆனால் கல்கியின் நாவலில் அந்தக் கரையில் டிப்பர் லாரி வராது. இப்போது பையன்கள் நாலரை மணிக்கு, முதல் பஸ்ஸுக்கு முன்னால், செல்போன் வெளிச்சத்தில் ஓடுகிறார்கள். பெண் பிள்ளைகள் அந்த நேரத்தில் ஏரிக்கரைக்கு எப்படிப் போவார்கள்?

ஊருக்குள் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. நல்ல மைதானம். காலையில் கேட் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை போய், "காலை ஐந்திலிருந்து ஏழு வரை திறந்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"மேலிடத்து அனுமதி வேணும் சார்."

"எந்த மேலிடம்?"

"அதயும் மேலிடத்துலதான் சார் கேக்கணும்."

கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாடு முழுக்க இப்படி எத்தனை மைதானங்கள் பூட்டிக் கிடக்கின்றன! இரண்டு மணி நேரம் கேட்டைத் திறங்கள். சிதம்பரத்தில் உடற்கல்வி படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஒருவருக்கு, ஒழுங்கான சம்பளம் போட்டு, ஒரு விசில் வாங்கிக் கொடுத்து உள்ளே நிறுத்துங்கள். ஆணோ பெண்ணோ, எந்தத் தெருவோ, வருகிறவர்களுக்கு முதல் நாள் பத்து பஸ்கியிலிருந்து அவர் ஆரம்பிக்கட்டும். கல்வெட்டு வேண்டுமென்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாவுக்கு நானே ஆள் கூட்டி வருகிறேன்.

உடைக்காத டின்னை ஜிம்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார், இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டு. அக்கா அந்தப் பணத்தில் முட்டை அட்டை வாங்கி அடுக்கியிருக்கிறாள். பள்ளி கேட்டில் பூட்டு அப்படியேதான் தொங்குகிறது, பையன்கள் சுவரேறிக் குதிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கயிறு இன்னும் புளியமரத்தில் இருக்கிறது. நேற்று போன் செய்தபோது, பாதி மரம் வரைக்கும் ஏறிவிட்டானாம்.